ஏழு எம்பி குடும்பம்

பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு வாங்கிய தட்டு.
உறை இல்லை. கறுப்பு மார்க்கரில்
கடைக்காரன் கையெழுத்து மட்டும்.
எங்களிடம் அப்போது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு,
தோட்டத்துக் கிராணி விற்றுத் தள்ளிய கணினி.
இடி இடித்தால் அப்பா முதலில் ஓடுவது
அதன் பிளக்கைப் பிடுங்கத்தான்.

நானும் ஜெகாவும் இருவரை உண்டாக்கினோம்.
அக்கா ஒருத்தி, தம்பி ஒருவன்.
பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஆ லெக் என்று பெயர் வைத்து
கோப்பிக்கடைக் கடனையெல்லாம்
அந்த ஊரிலேயே தீர்த்துக்கொண்டோம்.
சமைக்கத் தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.
தீயணைப்பைக் கூப்பிட வேண்டும்,
போன் வாங்க மறந்திருந்தோம்.
ஜெகா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான்.

எக்ஸ்பி வந்தது, ஓடியது.
விஸ்தா வாசலிலேயே நிறுத்திவிட்டது.
ஊருக்கும் அந்தச் சமயம் பெயர் மாறியது.
பத்தாங் பெர்ஜுந்தை போய் பெஸ்தாரி ஜெயா.
பலகையை மாற்றினார்கள்,
என் வாயை யாரும் மாற்றவில்லை.

தோட்டம் கைமாறி
லயத்துக்குப் பதில் ஒரு வீடு கிடைத்தபோது
பத்திரத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
அப்பா ஜெகாவின் பெயரைச் சொன்னார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்,
தீபாவளியன்று, வந்தவர்கள் முன்னால்.

ஆறு வருஷம்.

அவன் ஜொகூரில்.
நான் செம்பனை ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிறேன்.
குலையோடு ஓர் எடை, கொட்டிய பின் ஓர் எடை,
கழித்தால் வருவதுதான் கணக்கு.

போன மாசம் அவனிடமிருந்து மின்னஞ்சல்.
ஒரு வார்த்தை இல்லை. ஒட்டியிருந்தது ஒரு கோப்பு.
ஏழு எம்பி.
அந்தக் குடும்பம்.
இத்தனை நாள் எந்த டப்பாவில் போட்டு வைத்திருந்தானோ.

என்னிடம் இப்போது லினக்ஸ்,
ஆலை கழித்துப்போட்ட லேப்டாப்பில்.
பழைய ஆட்டம் பேசுவது அதற்குப் புரியாது,
நடுவில் ஒரு துபாஷி வேண்டும். துபாஷியின் பெயர் வைன்.
கள்ளுக்கடையை மூடச்சொல்லி மனு கொடுத்த ஊரில்
வைன் ஓடமாட்டேன் என்கிறது என்று
யாரிடம் போய் உதவி கேட்பது?
முதல் ராத்திரி சத்தம் வந்தது, படம் வரவில்லை.
அடுத்த ராத்திரி படம் வந்தது,
ஆனால் கணினியின் வேகத்தில்
குளித்து, தின்று, வேலைக்குப் போய், அழுது, தூங்கி
ஒரு முழுநாளை நான் தும்முவதற்குள் முடித்தார்கள்.
கடிவாளம் போட இன்னொரு ராத்திரி.

வீட்டின் நடுவே சுவர் எழுப்பியிருந்தான்.
அக்கா பக்கம் அடுப்பு, தம்பி பக்கம் கட்டில்.
அவளுக்குத் தூக்கமில்லை, அவனுக்குச் சோறில்லை.
இரண்டு தலைக்கு மேலும் சிவப்பு.

அவன் பக்கம் ஓர் ஐஸ்பெட்டி வைத்தேன்.
வேறெதையும் தொடவில்லை. சேமித்து
வார்த்தை இல்லாமல் திருப்பி அனுப்பினேன்.
ஒரு வாரம் கழித்து என் பக்கம் கட்டில் வந்தது,
இருப்பதிலேயே விலை கூடியது.
நான் அவனுக்கு ஒரு விளக்கு.
அவன் எனக்கு ஒரு போன்.

நேற்று வந்த கோப்பில்
சுவரில் ஏதோ இருக்கிறது.
என் திரையில் வெறும் இளஞ்சிவப்புக் கட்டம்,
துபாஷிக்கு அந்தச் சொல் மட்டும் தெரியவில்லை.
கதவாக இருக்கலாம். சன்னலாக இருக்கலாம்.
சும்மா மாட்டிய படமாகவும் இருக்கலாம்.
அக்காவை அதன் பக்கம் நடக்கச் சொன்னேன்.
போனாள், நின்றாள்,
இரண்டு கையையும் ஆட்டி
அவர்கள் பாஷையில் என்னை ஏசினாள்.

ஜெகா மெக்கிண்டாஷுக்குள்
ஒரு பழைய விண்டோஸைக் குடிவைத்திருப்பதாகக் கேள்வி.
அங்கே தெளிவாகத் தெரியும்.

காலை ஷிப்டு. முதல் லாரி தராசில் ஏறி நிற்கிறது,
டிரைவர் ஹார்ன் அடிக்கிறான்.
எண்ணை அழித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்,
விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.
ஜொகூரில் இப்போது மணி என்ன என்று யோசிக்கிறேன்,
அது ஏதோ வேறு நாடு மாதிரி.